முதல் அப்ரைட் பாஸ்: கம்மி பட்ஜெட்ல உருப்படியா ஒண்ணு வாங்குறது எப்படி

அப்ரைட் பாஸ், அதாவது நின்னுகிட்டு வாசிக்கிற அந்த பெரிய வயலின் மாதிரி வாத்தியம், வாங்கலாம்னு நெட்ல தேட ஆரம்பிச்சீங்கன்னா முதல்ல கண்ணுல படுறது வில்லு, கவர், வில்லுல தேய்க்கிற ரோசின் எல்லாம் சேர்த்து நம்பவே முடியாத விலையில பளபளன்னு நிக்கிற ஒரு புது பாஸ்தான். தயவுசெஞ்சு அதை மட்டும் வாங்கிடாதீங்க. அந்த விலையில வர்றதுல ஸ்ட்ரிங்கைத் தாங்குற பிரிட்ஜ் பாதிக்கு மேல செதுக்காமலே வரும், ஸ்ட்ரிங் விரலால அமுக்குற ஃபிங்கர்போர்டுக்கு மேல ஒரு விரல் உயரத்துக்கு நிக்கும், ஃபிங்கர்போர்டு ஏதோ வெளிறின மரத்துல செஞ்சு கருப்பு சாயம் பூசினதா இருக்கும், அதை வாசிக்கிற நிலைமைக்கு கொண்டு வர லூதியர்கிட்ட, அதாவது இந்த மாதிரி வாத்தியங்களை செய்றவர், ரிப்பேர் பண்றவர்கிட்ட எடுத்துட்டு போனா அவர் சொல்ற பில் பாஸோட விலையையே தொட்டுடும். சில லூதியர்ங்க இதுல நான் கையே வைக்க மாட்டேன்னு சொல்லிடுவாங்க. புதுசா கத்துக்கிறவங்க நிறைய பேர் முதல் ஆறு மாசத்துலயே விட்டுட்டு போறதுக்கு திறமை இல்லாதது காரணமே இல்ல, விரலால அமுக்கவே முடியாத ஒரு வாத்தியத்தோட மல்லுக்கட்டினதுதான் காரணம்.

அதனால பட்ஜெட்டை பத்தி முதல்லயே ஒரு கணக்கு போட்டுக்கோங்க. கையில இருக்கிற மொத்த காசையும் பாஸுக்கே கொடுத்துடாதீங்க, நாலுல ஒரு பங்கை எடுத்து தனியா வெச்சுடுங்க, அது செட்டப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும். செட்டப்னா பிரிட்ஜோட காலை பாஸோட வயித்து வளைவுக்கு சரியா ஒட்டுற மாதிரி செதுக்குறது, கழுத்தோட மேல் முனையில ஸ்ட்ரிங் உக்கார்ற நட்ல இருக்கிற பள்ளத்தை இறக்குறது, உள்ள நிக்கிற சவுண்டு போஸ்ட்ங்கிற மர உருளையை சரியான இடத்துல நிறுத்துறது, ஃபிங்கர்போர்டை இழைச்சு சமமாக்குறது, இவ்ளோதான். ஆனா ஒரு சாதாரண பிளைவுட் பாஸ் நல்ல செட்டப்போட இருந்தா, செட்டப் இல்லாத விலை உயர்ந்த பாஸை விட பத்து மடங்கு வாசிக்க நல்லா இருக்கும். ஏற்கனவே செட்டப் பண்ணி விக்கிற கடையில வாங்குறீங்கன்னா இந்த செலவு அதுலயே அடங்கிடும், அதனால விலை கொஞ்சம் கூடத் தெரிஞ்சாலும் மொத்தத்துல அதுதான் லாபம். இன்னொண்ணு, இந்த வேலைக்கு கிட்டார் ரிப்பேர் பண்றவர் பத்தாது, வயலின் குடும்பத்து வாத்தியங்கள்ல வேலை பார்க்கிறவரா, முடிஞ்சா பாஸ்லயே கை பழகினவரா இருக்கணும்.

சைஸ் விஷயத்துல நிறைய பேர் குழம்புறாங்க. முக்கால் சைஸ்னு போட்டிருந்தா அது சின்ன பசங்களுக்குன்னு நினைச்சுடாதீங்க, பெரியவங்க வாசிக்கிறதே முக்கால் சைஸ்தான், ஜாஸ்லயும் சரி ஆர்க்கெஸ்ட்ராவுலயும் சரி பெரும்பாலும் அதுதான். நட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஸ்ட்ரிங் நீளம் 41-ல இருந்து 42 இன்ச் வரைக்கும் இருக்கும். பாஸ் கிட்டார்ல இருந்து வர்றவங்களுக்கு அங்க 34 இன்ச்தான் பழக்கம்ங்கிறதால முதல்ல கை நீட்டுறதே கஷ்டமா தெரியும், அது எல்லாருக்கும் தெரியுறதுதான், முழு சைஸ் பக்கம் மட்டும் போயிடாதீங்க. உயரம் கம்மியானவங்க, கை சின்னதா இருக்கிறவங்க அரை சைஸ் எடுத்தா அதுல தப்பே இல்ல. நின்னு பார்க்கும்போது பாஸுக்கு அடியில இருக்கிற எண்ட்பின்ங்கிற கம்பியை வெளிய இழுத்து உயரத்தை சரி பண்ணிட்டு, நட் கிட்ட முதல் விரல் வைக்கிற இடம் ஏறக்குறைய கண் உயரத்துக்கு வந்து, வலது கை தோளை இறக்காம குனியாம ஃபிங்கர்போர்டோட கடைசிக்கு எட்டினா உங்களுக்கு சரியான அளவு.

அடுத்து மரம். மூணு வகை இருக்கு. முழுக்க பிளைவுட்ல செஞ்சது, அதை லேமினேட்னு சொல்வாங்க. முன்பக்கம் மட்டும் முழு ஸ்ப்ரூஸ் மரத்துல செதுக்கி பின்பக்கமும் பக்கவாட்டும் பிளைவுட்ல இருக்கிறது ஹைப்ரிட். எல்லாமே முழு மரத்துல செதுக்கினது கார்வ்டு. கம்மி பட்ஜெட்ல முதல் பாஸ்னா என்னோட ஓட்டு கண்ணை மூடிட்டு லேமினேட்டுக்குதான். பிளைவுட்னு சொன்னதும் முகத்தை சுளிக்க வேண்டாம், சிகாகோல இருந்த கே கம்பெனி 1937-ல இருந்து பிளைவுட் பாஸ்தான் செஞ்சு குவிச்சது, எல்விஸ் ப்ரெஸ்லி கூட வாசிச்ச பில் பிளாக் வெச்சிருந்ததும் ஒரு கே பாஸ்தான், அது இப்ப பால் மெக்கார்ட்னி கிட்ட இருக்கு. பிளைவுட்ல என்ன நல்லதுன்னா காத்துல ஈரம் ஏறி இறங்கும்போது சுலபத்துல விரிசல் விடாது, வேன்ல ஏத்தி இறக்கலாம், யாராவது இடிச்சாலும் தாங்கும், விரலால சுண்டி வாசிக்கிற சத்தம் நல்லா குத்துன மாதிரி வரும். வில்லு போட்டு வாசிக்கிறதுதான் உங்க முக்கியமான வேலை, வெஸ்டர்ன் க்ளாசிக்கல்தான் கத்துக்கப் போறீங்கன்னா கொஞ்சம் காசு சேர்த்து ஹைப்ரிட்டுக்கு போங்க, வில்லுக்கு முன்பக்கத்து மரம் நல்லா பேசும். கார்வ்டு பாஸ் கம்மி விலையில கிடைக்குதுன்னா எங்கயோ ஒரு பெரிய ரிப்பேர் ஒளிஞ்சிருக்குன்னு சந்தேகப்படுறது நல்லது.

விக்கிறவர் முழு மரம்னு சொன்னா எப்படி கண்டுபிடிக்கிறது? எஃப் வடிவத்துல இருக்கிற ஓட்டையோட விளிம்பை பக்கத்துல போய் பாருங்க. பிளைவுட்டா இருந்தா அந்த வெட்டு முகத்துல மெல்லிசா அடுக்கடுக்கா கோடு தெரியும், சில கம்பெனி அதை மறைக்க விளிம்புல பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, அப்ப டார்ச் வெச்சு உள்பக்கமா பாருங்க. முழு மரம்னா மேல தெரியுற ரேகை அப்படியே வெட்டு முகத்துக்குள்ளயும் இறங்கிப் போகும். உள்ள ஒட்டியிருக்கிற லேபிளை நம்பவே நம்பாதீங்க, பெரிய பெரிய பேரை அச்சடிச்சு யார் வேணும்னாலும் ஒட்டலாம்.

ஃபிங்கர்போர்டு கருங்காலியா இருந்தா ரொம்ப நல்லது, ரோஸ்வுட்டும் பரவால்ல. சாயம் பூசினதான்னு பார்க்க பாடிக்கு மேல நீட்டிட்டு இருக்கிற பகுதியோட அடிப்பக்கத்தை குனிஞ்சு பாருங்க, அங்க பெரும்பாலும் சரியா பூசியிருக்க மாட்டாங்க, வெளிறின மரம் எட்டிப் பார்க்கும். பழைய பாஸா இருந்தா ஸ்ட்ரிங்குக்கு நேர் கீழ விரல் படுற இடத்துல கருப்பு போய் பழுப்பா வந்திருக்கும். மெத்து மரத்துல ஸ்ட்ரிங் பள்ளம் பறிச்சுடும், அடிக்கடி இழைக்கணும், ஒவ்வொரு தடவை இழைக்கும்போதும் போர்டு மெலிசாகிட்டே போகும், கடைசியில போர்டையே மாத்தணும்னு வந்து நிக்கும், அந்த செலவு சாதாரணமா இருக்காது. அப்புறம் நட் பக்கத்துல ஒரு கண்ணை மூடிட்டு போர்டு நெடுக பாருங்க. நடுவுல லேசா, ரொம்ப லேசா குழிஞ்ச மாதிரி இருக்கணும், ஸ்ட்ரிங் அதிர்றதுக்கு அந்த இடம் வேணும். நடுவுல மேடு தட்டியிருந்தாலோ ஒரு பக்கமா முறுக்கியிருந்தாலோ அந்த இடத்துல ஸ்ட்ரிங் கிர்ர்னு அடிக்கும்.

பார்க்கப் போகும்போது ஒரு ஸ்கேல், ஒரு டார்ச், சின்னதா ஒரு கண்ணாடி, ட்யூனர் ஆப் இருக்கிற போன், இவ்ளோ போதும். முடிஞ்சா ஏற்கனவே பாஸ் வாசிக்கிற ஒருத்தரை கூட கூட்டிட்டு போங்க, உங்களுக்கு பாடம் எடுக்கப் போறவரே வந்தா இன்னும் நல்லது, ஏன்னா பாஸோட சத்தம் முன்பக்கமா போகுது, வாசிக்கிறவர் காதுக்கு கேக்குறதும் பத்தடி தள்ளி நிக்கிறவருக்கு கேக்குறதும் வேற வேற.

முதல்ல ஆக்‌ஷனை, அதாவது ஸ்ட்ரிங் நிக்கிற உயரத்தை, அளந்துடுங்க. ஃபிங்கர்போர்டோட கடைசியில ஸ்கேலை நிறுத்தி போர்டுல இருந்து ஸ்ட்ரிங்கோட அடி வரைக்கும் எவ்ளோ இருக்குன்னு பாருங்க. ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்டு விரலால வாசிக்கிறவங்களுக்கு மெல்லிசான ஜி ஸ்ட்ரிங் 5-6 மில்லிமீட்டர், தடிமனான ஈ ஸ்ட்ரிங் 8-9 மில்லிமீட்டர்ங்கிறது நல்ல ஆரம்பம். ஜி ஸ்ட்ரிங்கே 10-ஐ தாண்டி நின்னா உடனே வேண்டாம்னு சொல்லிடாதீங்க, பிரிட்ஜை பாருங்க. பிரிட்ஜ்ல திருகி ஏத்தி இறக்குற சக்கரம் இருந்து அதுல இறங்க இடமும் இருந்தா பிரச்சனை இல்ல. சக்கரம் முழுசா இறங்கி, பிரிட்ஜும் ஏற்கனவே குட்டையா இருந்து, அப்பவும் ஸ்ட்ரிங் உயரமாவே நின்னா கழுத்து முன்பக்கமா சாஞ்சுடுச்சுன்னு அர்த்தம், அதை திரும்ப செட் பண்றது பெரிய வேலை, அந்த பாஸை விட்டுட்டு வாங்க. நட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் போர்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற இடம் இருந்தா போதும், அதுக்கு மேல இருந்தா கழுத்தோட மேல் பக்கத்துல வாசிக்கும்போது கை செத்துடும், ஆனா இது லூதியர் சீக்கிரமே சரி பண்ணிடுற விஷயம்தான்.

அடுத்து தட்டிப் பார்க்கணும். விரல் முட்டியால பாஸோட ஓரம் நெடுக, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டுலயும், கதவு தட்டுற மாதிரி மெதுவா தட்டிட்டே சுத்தி வாங்க. ஒட்டு சரியா இருக்கிற இடத்துல சத்தம் கெட்டியா வரும், ஒட்டு விட்டிருந்தா அந்த இடத்துல மட்டும் ஓட்டையா சளசளன்னு கேக்கும். ஒட்டு விட்டிருக்கிறதை பார்த்து பயப்பட வேண்டாம், பாஸை ஒட்டுறதுக்கு பாரம்பரியமா தோல் பசைதான் போடுவாங்க, மரம் சுருங்கும்போது மரம் பிளக்காம ஒட்டு விடணும்னுதான் அப்படி பண்றதே, லூதியர் கொஞ்ச நேரத்துல ஒட்டிக் கொடுத்துடுவார். விலை பேசும்போது மட்டும் இதை மறக்காம சொல்லுங்க.

பயப்பட வேண்டிய விரிசல் வேற. பிரிட்ஜோட ஜி ஸ்ட்ரிங் பக்கத்து காலுக்கு கொஞ்சம் கீழ, உள்ள சவுண்டு போஸ்ட்னு ஒரு மர உருளை முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தாங்கிட்டு நிக்கும், பசை எதுவும் கிடையாது, சும்மா அழுத்தத்துல நிக்கிறது. நாலு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து இழுக்குற இழுப்பு 100 கிலோவுக்கு மேல, அதுல ஒரு பங்கு பிரிட்ஜ் வழியா கீழ இறங்கி அந்த இடத்துலதான் உக்காரும். முழு மரத்துல அந்த போஸ்ட் நிக்கிற இடத்துல நீளவாக்குல ஒரு விரிசல் இருந்தா அது சும்மா ஒட்டி சரியாகுற விஷயம் இல்ல, முன்பக்கத்தையே கழட்டி உள்ள ஒட்டு மரம் பதிக்கணும். ஈ ஸ்ட்ரிங் பக்கம் உள்ள நெடுக ஓடுற பாஸ் பார்ங்கிற மரச்சட்டம் கிட்ட விரிசல்னாலும் அதே கதைதான். அந்த பக்கம் முன்பலகை அமுங்கி குழி விழுந்திருக்கான்னு பக்கவாட்டுல இருந்து பாருங்க. கண்ணாடியை எஃப் ஓட்டைக்குள்ள விட்டு டார்ச் அடிச்சா பாஸ் பார் விட்டிருக்கா, முன்னாடி யாராவது ரிப்பேர் பண்ணி சின்ன சின்ன மரத்துண்டு ஒட்டியிருக்காங்களான்னு தெரிஞ்சுடும். சுத்தமா ஒட்டின பழைய ரிப்பேர் கெட்டது இல்ல. எபாக்ஸியை வழிய வழிய ஊத்தியிருந்தா, கழுத்து பாடியோட சேர்ற இடத்துல ஸ்க்ரூ தலை தெரிஞ்சா, அங்க ஒருதடவை உடைஞ்சிருக்கு, அதை சரியாத் தெரியாதவர் கை வெச்சிருக்கார், நீங்க கிளம்பிடலாம். கீறல், பாலிஷ் போனது, ஓரத்துல சின்னதா பேந்தது இதெல்லாம் கண்டுக்கவே வேணாம், சொல்லப்போனா அதைக் காட்டித்தான் விலையை இறக்கணும்.

அப்புறம் வாசிச்சுப் பார்க்கிறது. உங்களுக்கு வாசிக்கத் தெரியலைன்னாலும் ஒரு ஸ்ட்ரிங்ல நட்ல இருந்து பாடி வரைக்கும் ஒவ்வொரு அரை ஸ்வரமா அமுக்கி சுண்டிட்டே போகலாம், நாலு ஸ்ட்ரிங்லயும் பொறுமையா பண்ணுங்க. எங்கயாவது கிர்ர்னு கேட்டா அது எப்படி வருதுன்னு கவனிங்க. ஒரே இடத்துல அமுக்கும்போது மட்டும் வந்தா போர்டுல மேடு பள்ளம். எந்த ஸ்ட்ரிங்ல வாசிச்சாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் வந்தா எங்கயோ ஒட்டு விட்டிருக்கு, இல்ல ஸ்ட்ரிங்கை இறுக்குற ட்யூனர்ல ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு. சில ஸ்வரம் மத்ததை விட சீக்கிரம் செத்துப் போகும், சிலது வில்லு போட்டா ஊளையிடும், அது எல்லா பாஸ்லயும் கொஞ்சம் இருக்கிறதுதான், ரொம்ப மோசமா இருந்தா மட்டும் யோசிங்க. திறந்த ஈ ஸ்ட்ரிங்கை சுண்டிட்டு பத்தடி தள்ளி நிக்கிறவர்கிட்ட கேளுங்க, ஸ்வரம் தெளிவா கேக்குதா இல்ல வெறும் தம்முன்னு ஒரு சத்தமா இருக்கான்னு. அந்த ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ், கேவலமான பாஸ்ல முதல்ல காணாம போறது அதுதான். ட்யூனரை ரெண்டு பக்கமும் திருகிப் பாருங்க, ரொம்ப தூரம் திரும்பின அப்புறம்தான் ஸ்ட்ரிங் அசையுதுன்னா பல் தேஞ்சிருக்கு.

ஸ்ட்ரிங் விலை பாஸ் கிட்டார் ஸ்ட்ரிங் மாதிரி இருக்காது, ஒரு நல்ல செட்டோட விலையை முதல் தடவை பார்க்கிறவங்க அதிர்ச்சி ஆயிடுவாங்க, அதனால பாஸ்ல என்ன ஸ்ட்ரிங் இருக்குன்னு கேக்குறது ரொம்ப முக்கியம். தோமாஸ்டிக் ஸ்பைரோகோர் மாதிரி ஒரு ஸ்டீல் செட் ஏற்கனவே இருந்தா அது வருஷக்கணக்குல ஓடும், அந்த அளவு காசு உங்களுக்கு மிச்சம். விரலாலயும் வில்லாலயும் ரெண்டும் வாசிப்பேன்னா டடாரியோ ஹெலிகோர் ஹைப்ரிட்ங்கிற ஸ்ட்ரிங் நிறைய பேர் போடுறது. வேற ஸ்ட்ரிங்குக்கு மாறுறவங்க கழட்டின செட்டை பாதி விலைக்கு கொடுப்பாங்க, ஸ்டீல் ஸ்ட்ரிங்னா தாராளமா வாங்கலாம்.

புதுசுல போறதா இருந்தா ஷென், ஈஸ்ட்மேன் ரெண்டு பேரோட லேமினேட் மாடலும் நம்பி வாங்கலாம், கத்துக்கிறவங்க கையில நிறைய இருக்கிறதால விக்கணும்னாலும் ஆள் கிடைக்கும். பழசுல கே பாஸ், அதே டிசைனை அப்புறம் தொடர்ந்து செஞ்ச எங்கல்ஹார்ட் எல்லாம் கண்ணுல பட்டா போய் பாருங்க, ஆனா கே-ங்கிற பேருக்காகவே விலையை ஏத்தி வெச்சிருப்பாங்க, பேருக்கு காசு கொடுக்காம கழுத்தையும் ஃபிங்கர்போர்டையும் பார்த்து கொடுங்க. எதுவுமே சரியா அமையலைன்னா அவசரப்படாம வாடகைக்கு எடுங்க. கட்டுற வாடகையில ஒரு பங்கை பின்னாடி வாங்கும்போது விலையில கழிச்சுக்கிற கடைகளும் உண்டு, அப்படி ஒண்ணு கிடைச்சா முதல் வருஷத்துக்கு அதை விட நல்ல வழி எனக்குத் தெரியல. பாடியே இல்லாம குச்சி மாதிரி இருக்கிற எலெக்ட்ரிக் அப்ரைட், ராத்திரி சத்தம் போடாம வாசிக்க நல்லது, ஆனா மரம் உடம்புல சாஞ்சு அதிர்றதை வெச்சு கத்துக்கிற விஷயம் அதுல வராது, அதனால அதை ரெண்டாவதா வெச்சுக்கோங்க.

கூட இலவசமா வர்ற வில்லுக்கு மயங்காதீங்க, பெரும்பாலும் அது ஆறு மாசம் கூட தாங்காது. வில்லுல ஃப்ரெஞ்சு, ஜெர்மன்னு ரெண்டு வகை, ஃப்ரெஞ்சை மேல இருந்து பிடிப்பாங்க, ஜெர்மனை கீழ இருந்து, உங்களுக்கு சொல்லித் தர்றவர் எதை பிடிக்கிறாரோ அதையே வாங்குங்க. ரோசின் மட்டும் பாஸுக்குன்னே இருக்கிற மெத்து ரோசினா பார்த்து வாங்குங்க, வயலின் ரோசின் இந்த தடிமன் ஸ்ட்ரிங்கை பிடிக்காது. சத்தத்தை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புற பிக்கப் இப்ப வேண்டாம், மேடை ஏறும்போது பார்த்துக்கலாம்.

நேர்ல பார்க்க முடியாம தூரத்துல இருந்து வாங்குறீங்கன்னா விக்கிறவர்கிட்ட போட்டோ கேளுங்க, முன்பக்க போட்டோ எல்லாரும் அனுப்புவாங்க, நீங்க கேக்க வேண்டியது பக்கவாட்டுல இருந்து பிரிட்ஜ், கழுத்து பாடியோட சேர்ற இடம் பின்பக்கத்துல இருந்து, எஃப் ஓட்டை விளிம்பு, ஃபிங்கர்போர்டு கடைசியில ஸ்கேல் வெச்சு ஒரு போட்டோ. இதை அனுப்ப தயங்குறவர்கிட்ட வாங்காதீங்க. பார்சல்ல வர்றதா இருந்தா ஸ்ட்ரிங்கை நல்லா தளர்த்தி, பிரிட்ஜை இறக்கி, ஸ்ட்ரிங்கோட கீழ் முனையை பிடிச்சிருக்கிற டெயில்பீஸுக்கு அடியில துணி வெச்சு கட்டச் சொல்லுங்க, இன்சூரன்ஸ் இல்லாம அனுப்ப விடாதீங்க. இப்படி வர்ற பாஸ்ல சவுண்டு போஸ்ட் விழுந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, அசைச்சா உள்ள உருளுற சத்தம் கேக்கும், அப்ப நீங்களா ஸ்ட்ரிங்கை இறுக்கவே கூடாது, முன்பலகை அமுங்கிடும், நேரா லூதியர்கிட்ட கொண்டு போங்க.

கார்ல எடுத்துட்டு வர்றது நினைக்கிற அளவு கஷ்டம் இல்ல. முன் பக்கத்து பயணி சீட்டை முழுசா சாய்ச்சுட்டு பின்னாடி கதவு வழியா, தலைப்பகுதி முன்பக்கம் வர்ற மாதிரி, பாஸை பக்கவாட்டுல படுக்க வெச்சு உள்ள தள்ளுங்க, பிரிட்ஜ் மேல எதுவும் படக்கூடாது, எண்ட்பின்னை உள்ள தள்ளிடணும். வீட்ல சுவர்ல சாய்ச்சு நிறுத்தாம, தரையில பக்கவாட்டுல படுக்க வைங்க, இல்ல ஒரு மூலையில ஸ்ட்ரிங் பக்கம் சுவரைப் பார்த்த மாதிரி நிறுத்துங்க. காத்துல ஈரப்பதம் 40-ல இருந்து 60 சதவீதத்துக்குள்ள இருந்தா மரத்துக்கு நல்லது, பக்கத்துல ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வெச்சுக்கோங்க. ஸ்ட்ரிங் மாத்தும்போது ஒண்ணு ஒண்ணா மாத்துங்க, நாலையும் ஒரே நேரத்துல கழட்டினா பிரிட்ஜ் விழும், போஸ்டும் சேர்ந்து விழலாம். ட்யூன் பண்ண பண்ண பிரிட்ஜோட மேல் முனை ஃபிங்கர்போர்டு பக்கமா சாஞ்சுட்டே வரும், வாரத்துக்கு ஒருதடவை பக்கவாட்டுல இருந்து பார்த்து ரெண்டு கையாலயும் மெதுவா நிமிர்த்தி விடுங்க. ஒரு ரெண்டு மாசம் வாசிச்ச அப்புறம் திரும்ப லூதியர்கிட்ட காட்டுங்க, அதுக்குள்ள புது பிரிட்ஜும் போஸ்டும் உக்காந்திருக்கும், எந்த ஸ்ட்ரிங் கைக்கு உயரமா இருக்கு, எது அடிக்குதுன்னு உங்களுக்கே சொல்லத் தெரியும், அதை வெச்சு அவர் கடைசி அரை மில்லிமீட்டரை சரி பண்ணிக் கொடுப்பார்.